பாப்-பங்க் டோனுக்கு கெயின் பத்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் இளைஞர் பக்கத்தில், வீட்டிலிருந்தபடியே பாப்-பங்க் (வேகமும் துள்ளலும் கொண்ட ராக் வகை) கிட்டார் டோனை, அதாவது அதன் ஓசைத் தன்மையை, வரவழைப்பது எப்படி என்று ஒரு பெட்டிக் குறிப்பு வந்திருந்தது. ஆம்பில் (கிட்டார் ஓசையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில்) கெயின், அதாவது ஓசையைக் கரகரப்பாக்கும் குமிழ், 10; பேஸ் (கீழ் ஓசை) 10, மிட் (நடு ஓசை) 0, ட்ரெபிள் (மேல் ஓசை) 10. இதுதான் அதில் சொன்ன செட்டிங். கிட்டார் பழுதுபார்ப்பதும் கல்லூரி விழா மேடைகளுக்கு ஒலி அமைப்பதும் எங்கள் பிழைப்பு என்பதால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இந்த செட்டிங்கோடு மேடையேறும் பையனின் கிட்டார், டிரம்ஸ் தொடங்கிய மறுநொடி காணாமல் போகும். அவன் வால்யூமைக் கூட்டுவான். அப்போதும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) கேட்காது, ஃபீட்பேக் மட்டும் ஊளையிடும். கடைசியில் பழி மிக்சரில் நிற்பவர் தலையில் விழும்.

முதலில் எந்த டோன் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பாப்-பங்க் என்றால் எல்லாம் ஒன்றல்ல. 1994-இல் வந்த கிரீன் டே குழுவின் ‘டூக்கி’ ஆல்பம் ஒரு பக்கம். கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரின் ஃபேன்டசி ஸ்டூடியோவில் பதிவானது, தயாரிப்பாளர் ராப் கவாலோ. குழுவின் கிட்டாரிஸ்ட் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் கையில் இருந்தது ஃபெர்னாண்டஸ் கம்பெனியின் ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவக் கிட்டார், அதன் பிரிட்ஜில் (கம்பிகள் முடியும் பக்கம்) சீமோர் டங்கன் ஜேபி ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் இரட்டைக் காயில் வகை). ஆம்ப், கெயின் கூடுதலாக வரும்படி உள்ளே கைவைத்து மாற்றிய 100 வாட் மார்ஷல். கம்பிகள் அரைக் கட்டை (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கி ஈ ஃபிளாட்டில். இன்னொரு பக்கம் 1999-இல் வந்த பிளிங்க்-182 குழுவின் ‘எனிமா ஆஃப் த ஸ்டேட்’ ஆல்பம். அதைத் தயாரித்த ஜெர்ரி ஃபின்தான் ‘டூக்கி’யின் மிக்சிங்கிலும் இருந்தவர். முதலாவது கரகரப்பும் வெடிப்புமாக இருக்கும், இரண்டாவது வழவழப்பாகவும் பருமனாகவும் இருக்கும். ஆனால் பிரிட்ஜ் ஹம்பக்கர், நடுத்தர கெயின், பவர் கார்டு (மூல ஸ்வரமும் ஐந்தாம் ஸ்வரமும் மட்டும் கொண்ட கார்டு), கீழ்நோக்கியே அடிக்கும் வலது கை, இந்த நான்கும் இரண்டுக்கும் பொது.

கெயின் ஏன் நடுத்தரம்? டிஸ்டார்ஷன் என்பது ஒலி அலையின் தலையை வெட்டுவது. அதிகம் வெட்ட வெட்ட, பிக் (கம்பியை மீட்டும் சில்லு) கம்பியில் படும் அந்த முதல் ‘டக்’ பின்னால் வரும் ஓசையின் மட்டத்துக்கே அமுங்கிவிடும். 180 பிபிஎம் (நிமிடத்துக்கு 180 தாளம்) வேகத்தில் தாளத்துக்கு இரண்டு அடி என்றால் நொடிக்கு 6 அடி. ஆறும் தனித்தனியாகக் கேட்க அந்த ‘டக்’ உயிரோடு இருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு. கிட்டாரின் வால்யூமை 10-இல் வைத்து ஒரு கார்டு அடியுங்கள், பிறகு 4-க்கு இறக்கி அதையே அடியுங்கள். ஓசை ஏறக்குறைய கிளீனாகிவிட்டால் கெயின் சரி. 4-இலும் கரகரத்துக்கொண்டே இருந்தால் ஆம்பில் கெயினைக் குறையுங்கள். அடுத்ததாக பாம் மியூட் செய்து (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கி) எட்டு அடி அடியுங்கள். அடிக்கும் அடிக்கும் நடுவே இடைவெளி கேட்க வேண்டும். ஒரே ‘கொர்ர்’ ஆகக் கேட்டால் கெயினோ பேஸோ, பெரும்பாலும் இரண்டுமே, கூடுதல்.

இசைத்தட்டில் கேட்கும்போது மட்டும் இவ்வளவு பருமனாக இருக்கிறதே என்று கேட்பார்கள். அந்தப் பருமன் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்துப் பதிந்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் தள்ளுவதால் வருவது. இரண்டு வாசிப்புக்கும் இடையே உள்ள மில்லிசெகண்ட் வித்தியாசங்கள்தான் அகலத்தைக் கொடுக்கின்றன. ஒரு முறை வாசித்ததைக் காப்பி எடுத்து மறுபக்கம் ஒட்டினால் அகலம் வராது, சத்தம் மட்டும் கூடும். இரட்டிப்பாகப் பதியும்போது டிஸ்டார்ஷனும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்பதால் ஒவ்வொன்றிலும் கெயினை இன்னும் ஒரு படி இறக்கலாம். ‘டூக்கி’ வெளிவந்த 25-ஆம் ஆண்டையொட்டி 2019-இல் எம்எக்ஸ்ஆர் கம்பெனி வெளியிட்ட டூக்கி டிரைவ் என்ற பெடலை, அதாவது ஆம்புக்கு முன்னால் சொருகி ஓசையை மாற்றும் காலடிப் பெட்டியை, பாருங்கள். அதில் ‘பிளெண்ட்’ என்றொரு குமிழ் இருக்கிறது. கெயின் மிகுந்த ஓசையையும் கிளீனான ஓசையையும் கலக்கத்தான் அது. கெயின் மட்டும் போதுமானால் அந்தக் குமிழுக்கு வேலையே இல்லை. மிட்டைக் குடையும் ‘ஸ்கூப்’ பொத்தானும் அதில் உண்டு என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். ஸ்டூடியோவில் இரண்டு கிட்டார், முன்னால் நிற்கும் பேஸ் கிட்டார் எல்லாம் அந்தக் குழியை நிரப்பும்போது அது எடுபடும். தனிக் கிட்டாரோடு மேடையில் நிற்பவருக்கு எடுபடாது.

இனி எண்கள். மார்ஷல் வகை ஆம்ப் என்றால் கெயின் 5 முதல் 6, பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 6, பிரெசன்ஸ் (உச்சக் கூர்மை) 5. மாஸ்டர் வால்யூம் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு. மேசா பூகி ரெக்டிஃபையர் வகையில் பேஸ் இயல்பிலேயே தளதளவென்று இருக்கும் என்பதால் பேஸ் 3, மிட் 6, ட்ரெபிள் 5, பிரெசன்ஸ் 4, கெயின் 5. பாஸ் கம்பெனியின் கட்டானா 50 ஆம்ப் வைத்திருப்பவர்கள் பலர். அதில் ‘பிரவுன்’ என்ற ஓசை வகையின் பக்கம் போக வேண்டாம், அங்கே கெயின் ஏற்கெனவே அதிகம். ‘கிரஞ்ச்’ எடுத்து கெயினை மணி முள் 2-இல் நிற்கும் இடத்துக்குத் திருப்புங்கள், மிட்டை 1 மணிக்கு. வீட்டில் வாசிக்கும்போது மாஸ்டரை இறக்குவதைவிட பவர் சுவிட்சை அரை வாட்டுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. எந்த ஆம்ப் ஆனாலும் ரிவெர்ப் (எதிரொலி) 1-க்கு மேல் வேண்டாம். வேகமான ஸ்ட்ரம்மிங்கில் ரிவெர்ப் இடைவெளிகளை எல்லாம் அடைத்துவிடும். எல்லாமே தொடக்கப் புள்ளிகள்தான். பிக்கப்பும் ஸ்பீக்கரும் மாறினால் ஓர் எண் இப்படி அப்படி நகரும்.

10, 15 வாட் பயிற்சி ஆம்ப்தான் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கையில் இருக்கிறது. அதன் டிரைவ் சேனல் (கரகரப்புப் பக்கம்) எட்டு அங்குல ஸ்பீக்கரில் கீச்சிடும். அதைத் தொடாமல் கிளீன் சேனலில் பேஸ் 5, மிட் 7, ட்ரெபிள் 4 வைத்து, முன்னால் ஒரு டிஸ்டார்ஷன் பெடல் போடுவதே மேல். பாஸ் டிஎஸ்-1 என்றால் டிஸ்ட் குமிழ் 11 மணி, டோன் 9 அல்லது 10 மணி, லெவல் 1 மணி. டோனை 12 மணி தாண்டித் திருப்பினால் காது கூசும். டிஎஸ்-1-இன் டோன் சுற்றே மிட்டைக் கொஞ்சம் குடைந்துதான் அனுப்பும். அதனால்தான் ஆம்பில் மிட்டை 7-க்கு ஏற்றச் சொல்கிறோம்.

நல்ல டிரைவ் சேனல் உள்ள ஆம்ப் இருந்தால் தேவைப்படுவது டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல். ஆனால் டிரைவ் குமிழ் 0 அல்லது 1, டோன் 12 மணி, லெவல் 3 மணி. டிரைவைப் பூஜ்ஜியத்தில் வைத்தால் பெடல் எதற்கு என்று கடையில் கேட்காதவர் இல்லை. டியூப் ஸ்க்ரீமர் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸைச் சரித்து, நடுப்பகுதியைத் தூக்கி ஆம்புக்குள் அனுப்புகிறது. தடித்த கம்பியின் பேஸ் முழுசாக உள்ளே போய்த் தலைவெட்டுப்பட்டால்தான் பாம் மியூட் கொழகொழத்துப் போகும். வெட்டுப்படும் முன்பே பேஸைக் குறைத்தால் இறுக்கம் வரும். வெட்டுப்பட்ட பிறகு ஆம்பின் பேஸ் குமிழில் குறைப்பது அதற்கு ஈடாகாது.

மிட் விஷயத்துக்கு வருகிறோம். படுக்கையறையில் மெல்லிய சத்தத்தில் வாசிக்கும்போது மிட்டைக் குறைத்தால் இனிமையாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. குறைந்த சத்தத்தில் மனிதக் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாகவே எட்டும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே வரைந்து காட்டிய வளைவு இது. அந்தக் குறையைச் சரிக்கட்ட நம் கை தானாக பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டை இறக்குகிறது. அதே செட்டிங்கை மேடைச் சத்தத்துக்கு ஏற்றும்போது காது மாறிவிடுகிறது, குமிழ்கள் மாறவில்லை. கீழே கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும், மேலே சிம்பலும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கிட்டாருக்கு மிஞ்சுவது 400 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதி, அதையும் நாமே குடைந்து விட்டிருப்போம். ஆகவே செட்டிங்கைத் தனியாக வைக்காமல், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஓட ஓட வையுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பாடுவதாகத் தோன்றும் டோன்தான் கூட்டத்தில் சரியாக உட்காரும்.

மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைக் காயில் பிக்கப்) கொண்ட மலிவு ஸ்ட்ராட்டில் இந்த டோனை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். சிங்கிள் காயிலின் அவுட்புட் குறைவு. அதை ஈடுகட்ட கெயினை ஏற்றினால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹம்மும் (‘ம்ம்’ என்ற இரைச்சலும்) கூடவே ஏறும். பிரிட்ஜ் பிக்கப்பை மாற்றுவதே தீர்வு. கிட்டாரின் உடம்பைக் குடைய மனமில்லை என்றால் சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ஹாட் ரெயில்ஸ், ஜேபி ஜூனியர் போன்றவை இருக்கும் பள்ளத்திலேயே உட்காரும். முழு அளவு ஹம்பக்கர் போடுவதானால் பிக்கார்டைக் கழற்றிப் பள்ளத்தின் அகலத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சீமோர் டங்கன் நான்கு வயர் பிக்கப்பில் கறுப்பு சுவிட்சுக்கு, சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்து சால்டர் வைத்து டேப் சுற்றிவிட வேண்டும், பச்சையும் உறையில்லாத வயரும் கிரவுண்டுக்கு. வேறு கம்பெனி என்றால் வண்ணங்கள் மாறும், அதனுடன் வரும் தாளைப் பாருங்கள். மெலிந்து, சத்தில்லாத ஓசை வந்தால் இரண்டு காயில்களில் ஒன்றுதான் வேலை செய்கிறது, அல்லது இரண்டும் எதிர்ப்பக்கமாக இணைந்திருக்கின்றன. சிவப்பு வெள்ளை இணைப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பிக்கப் மாற்றியும் ஓசை மந்தமாகவே இருக்கிறது என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் பார்ப்பது வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள மின்தடை). சிங்கிள் காயில் ஸ்ட்ராட்டில் இருப்பது 250 கிலோ ஓம். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வேண்டும். 250-இல் மேல் ஸ்தாயி கிரவுண்டுக்குக் கசிந்துவிடும். சிறு செலவில் முடிகிற காரியத்தை விட்டுவிட்டுப் பலர் புது பெடல் வாங்குகிறார்கள். பிளிங்க்-182-இன் கிட்டாரிஸ்ட் டாம் டிலாங் பெயரில் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டில் ஒரே ஒரு இன்வேடர் ஹம்பக்கரும் ஒரே ஒரு வால்யூம் குமிழும்தான். டோன் குமிழே கிடையாது. டோன் பாட்டை எடுத்துவிட்டால் அதன் வழியே கசிவதும் நின்று ஓசை இன்னும் சற்றுப் பளிச்சென்று வரும். பிக்கப்பின் உயரத்தையும் விட்டுவிடாதீர்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளந்தால் மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ., தடித்த கம்பிப் பக்கம் 2.5 மி.மீ. இடைவெளி போதும். இன்னும் நெருக்கினால் காந்தம் கம்பியை இழுக்கும், நீள ஒலிக்கும் கார்டு நடுங்கும்.

கம்பி 10-46 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) பொதுவாகச் சரி. ஈ ஃபிளாட்டுக்கு இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், தடித்த கம்பி தொளதொளக்கும். ஓங்கி அடிக்கும்போது ஸ்வரம் முதலில் ஏறிப் பிறகு இறங்குவது இதனால்தான். அப்போது 11-49 செட்டுக்கு மாறுங்கள், இன்டோனேஷனையும் (ஃப்ரெட் தோறும் ஸ்வரம் சுத்தமாக இருக்கிறதா என்பதையும்) மறுபடி சரிபார்க்க வேண்டும். பிக் 0.73 அல்லது 0.88 மி.மீ. பாம் மியூட்டுக்கு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரம் பிரிட்ஜ் சேடில் மேலேயே இருக்க வேண்டும், கம்பிப் பக்கம் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் சரியலாம். அதற்கு மேல் சரிந்தால் ஸ்வரமே செத்துவிடும்.

பவர் கார்டில் மூன்றாம் ஸ்வரத்தை விடுவது சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. டிஸ்டார்ஷன், இரண்டு ஸ்வரங்களின் அதிர்வெண் வித்தியாசத்தையும் புதிய ஓசையாக உண்டாக்கும். ஏ 110 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் ஸ்வரமான ஈ 164.8. வித்தியாசம் 54.8, ஏறக்குறைய கீழ் ஸ்தாயி ஏ. ஆகவே கார்டு கனமாகிறது. மேஜர் மூன்றாம் ஸ்வரமான சி ஷார்ப் 138.6. வித்தியாசம் 28.6. ஏ ஆக இருக்க 27.5 வேண்டும், இதுவோ அரைக் கட்டையில் பாதிக்கும் மேலாக விலகி நிற்கிறது. அந்த அபஸ்வரம்தான் கெயின் கூடக் கூட ‘கரமுர’ என்று கேட்கிறது. முழு மேஜர் கார்டு வேண்டிய இடத்தில் கிட்டார் வால்யூமை 6-க்கு இறக்கி அடித்தால் தப்பிக்கலாம். ஆக்டேவ் (ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில்) வாசிக்கும்போது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியால் நடுவில் உள்ள கம்பியைத் தொட்டு ஊமையாக்கிவிட்டு, எல்லாக் கம்பிகளையும் சேர்த்தே அடிக்க வேண்டும். பார்த்துப் பார்த்து இரண்டு கம்பியை மட்டும் அடித்தால் வேகமும் போகும், வலுவும் போகும்.

மேடையில் நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு வேறு. ஆம்ப் இல்லை என்று டிஸ்டார்ஷன் பெடலை நேராக மிக்சரிலோ கீபோர்டு ஆம்பிலோ சொருகுகிறார்கள். வருவது தகர டப்பாவில் வண்டைப் போட்டு மூடியது போன்ற ஓசை. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அனேகமாக எதையும் வெளியே விடாது. டிஸ்டார்ஷன் உண்டாக்கும் சில்லறைகளை அதுதான் வடிகட்டுகிறது. மேடையின் பிஏ ஸ்பீக்கரில் மேல் ஓசைக்காக இருக்கும் ட்வீட்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை. கேபினட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கர் போல வடிகட்டும் வசதி) உள்ள மல்டி-எஃபெக்ட்டை இடையில் போட்டு, அந்த வசதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பெட்டியை கிட்டார் ஆம்பின் முன் சொருகும்போது ஆஃப் செய்ய மறக்கக் கூடாது, இரட்டை வடிகட்டல் ஓசையைப் போர்வைக்குள் தள்ளிவிடும். எதுவுமே இல்லையென்றால் மிக்சரில் அந்தச் சேனலின் ஹை குமிழை முழுக்க இறக்குவது முதலுதவி. பெடல் எதுவும் இல்லாமல் கிட்டாரை மட்டும் மிக்சரின் லைன் இன்புட்டில் சொருகினால் வேறொரு தொல்லை. பிக்கப்புக்கு 1 மெகா ஓம் அளவு இன்புட் வேண்டும், லைன் இன்புட் பத்துப் பதினைந்து கிலோ ஓம்தான் இருக்கும். உயிரே இல்லாத ஓசை வரும். இரண்டையும் பொருத்திவைக்கும் டிஐ பாக்ஸ் கேளுங்கள்.

ஆம்பை மைக் வைத்து எடுப்பதானால் ஷூர் எஸ்எம்57 போதும். ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு விரல் தூரம், நடு மூடியின் விளிம்புக்கு நேராக. நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை, வெளி ஓரத்துக்கு நகர்த்தினால் மந்தம். குமிழ்களைத் தொடும் முன் மைக்கை ஓர் அங்குலம் நகர்த்திப் பாருங்கள். பதிந்த பிறகு 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு அந்த இடத்தை பேஸ் கிட்டாருக்குக் கொடுத்துவிடலாம்.

இரைச்சலுக்கு நாய்ஸ் கேட் (வாசிக்காத நேரத்தில் ஓசையை அடைக்கும் பெடல்) வாங்கும் முன் அடாப்டரைப் பாருங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். தெருக்கடையில் கிடைக்கும் பல அடாப்டர்களில் நடுமுனை பாசிட்டிவ். அதைச் சொருகினால் பெடல் எரியாமல் தப்பித்தால் அதிர்ஷ்டம். ஒரே அடாப்டரிலிருந்து டிஜிட்டல் பெடலுக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கும் கிளை பிரித்தால் ‘ஙீ’ என்ற கீச்சொலி கேட்கும், இரண்டுக்கும் தனித்தனி சப்ளை கொடுங்கள். நாய்ஸ் கேட்டின் திரெஷோல்டை (அடைக்கத் தொடங்கும் அளவை), கம்பிகளைக் கையால் அமுக்கியபடி இரைச்சல் நிற்கும் புள்ளி வரை மட்டும் ஏற்றுங்கள். தாண்டினால் நீட்டிப் பிடிக்கும் கார்டின் வாலை அது கடித்துவிடும்.

இத்தனை எழுதியதற்கு உண்மையான அவசரம் அந்தக் குறிப்பின் கடைசி வரியில் இருக்கிறது. ஹம் வந்தால் மூன்று முனை பிளக்கை இரண்டு முனையாக மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கிட்டாரின் பிரிட்ஜ், கம்பி எல்லாம் ஆம்பின் கிரவுண்டோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் உள்ளே ஒரு வயர் உரசினால் 230 வோல்ட், கிட்டார் கம்பி வழியாக வாசிப்பவர் கைக்கு வரும். உதடு மைக்கில் பட்டால் சுற்று முழுமையாகிவிடும். கம்பியைத் தொட்டதும் ஹம் குறைந்தால் அது சாதாரணம், பிக்கப்பின் ஷீல்டிங் போதவில்லை என்று பொருள். கம்பியைத் தொட்டதும் கையில் சுரீர் என்றால் உடனே பிளக்கைப் பிடுங்கி, எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்தச் சுவர் பாயின்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கிட்டாரிலிருந்து ஹம் வருகிறதா, ஆம்பிலிருந்தா என்று தெரிய கேபிளை ஆம்ப் முனையில் கழற்றிப் பார்த்தாலே போதும். டோன் செட்டிங்கைத் திருத்தி வெளியிட இடம் இல்லாவிட்டாலும், இந்த பிளக் பற்றிய திருத்தத்தையாவது வரும் ஞாயிற்றுக்கிழமையே அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் கடையினர்,
சென்னை